வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் போர்க்காலப் பிள்ளைகளும் – ஒரு திறனாய்வு

கலை மனத்தை ஆற்றும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியல்ல. ஒப்பாரி வைத்து அழுது முடித்தவள் எழுந்து அடுப்படிக்குப் போவாள். அழாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துத்தான் ஊர் பயப்படும். ஆனால் ‘ஓவியச் சிகிச்சை’ என்று ஒரு பெயர் சூட்டி, அதற்கென்று ஆட்களைப் பயிற்றி, மருத்துவமனைக்குள்ளும் அகதி முகாமுக்குள்ளும் கொண்டுபோனது இருபதாம் நூற்றாண்டின் வேலை. முதல் உலகப் போரின் களங்களை வரைந்த ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் பின்னாளில் காசநோயால் விடுதியில் படுத்திருந்தபோது படம் வரைந்தே தேறினார். 1942-இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. பெயர் பிறந்த வீட்டிலேயே போரின் புகை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை. போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காகத் தமிழ் மண்ணில் நடந்த கலைமுயற்சிகளில் அதிகம் பேசப்பட்டதும், என் கணிப்பில் அதிகம் கற்றுத்தருவதும் அதுவே. கிழக்கேகோட்டையில் இருந்துகொண்டு மட்டக்களப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இங்கே பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டிக் களியக்காவிளை வருகிறது. அதன் பக்கத்தில் கோழிவிளையில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. குமரி மாவட்டத்திலேயே பழவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரம் என்று வேறு முகாம்களும் உண்டு. அங்குள்ள பிள்ளைகளுக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணம் நம் சங்கங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. எழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது ஓவியப் போட்டிதான்! ஆகவே, முன்னே செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று பார்ப்பது நமக்கும் வேண்டியதே.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘முகாம்’ என்பது நமக்குக் கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், என்.எஸ்.எஸ். முகாம். மூன்று நாள் கூடி, ஒரு நல்ல காரியம் செய்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவது. கிழக்கிலங்கைப் பிள்ளை ஒருவனிடம் ‘காம்ப்’ என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்கு அது ஆமிக் காம்ப். அப்பாவைக் கொண்டுபோன இடம். அடுத்து அகதி முகாம். அதற்கடுத்துத் தடுப்பு முகாம், புனர்வாழ்வு முகாம். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் இருந்ததும் புனர்வாழ்வு முகாம் என்றுதான் அழைக்கப்பட்டது. அங்கே 2000 அக்டோபர் 25 அன்று கும்பல் ஒன்று புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது, காவல் இருந்தும். 2009-இல் செட்டிகுளத்து மெனிக் பாமில் இலட்சக்கணக்கானோர் முட்கம்பிக்குள் அடைபட்ட இடத்துக்கும் முகாம் என்றே பெயர். இத்தனைக்கும் பிறகு அதே சொல்லை எடுத்து ‘ஓவிய முகாமுக்கு வா’ என்று ஒரு பதினைந்து வயதுப் பையனை அழைப்பது எவ்வளவு காது கேளாத செயல்! மட்டக்களப்பில் தொடங்கியவர்கள் அதைப் ‘பூங்கா’ என்று அழைத்தார்கள். இதைப் பெயர் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாடு அரசும் 2021 ஆகஸ்டில் ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அகதி போயிற்று, முகாம் மிஞ்சியது.

பூங்கா எழுந்த காலத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1990 மட்டக்களப்புக்குக் கொடிய ஆண்டு. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் அதே கதை. செப்டம்பர் தொடக்கத்தில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது; அவர்கள் திரும்பவில்லை. அதே மாதம் 9-ஆம் தேதி சத்துருக்கொண்டான் படுகொலை. இயேசு சபைத் துறவியும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுத்தந்தவருமான யூஜின் ஹெபர்ட் அடிகளார் அந்த ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற் போனார். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்த அந்தக் கடற்கரைப் பட்டியில், 1996-இல் பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு பிள்ளை, பக்கத்து ஊர்ப் பிள்ளையைப் பார்த்ததுமே பயப்படக் கற்றுக்கொண்டு வளர்ந்த பிள்ளை.

இந்த மண்ணில்தான் இயேசு சபையின் பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த பால் ஹோகன் என்ற ஓவியரும் சேர்ந்து பூங்காவை அமைத்தார்கள். ஹோகன் அதற்கு முன்பே டொரன்டோவில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றில் ‘சுருள் தோட்டம்’ என்ற முயற்சியில் இருந்தவர். அங்கே குறையுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றாகவே விளையாடினார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமாதானக் கல்வித் துறையினரும் போர்ப் பிள்ளைகளின் நலம் பற்றிய ஆய்வின் வழியாக இதில் கைகொடுத்தார்கள். மட்டக்களப்பில் ‘குறை’ என்பதன் இடத்தில் ‘இனம்’ வந்தது. தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி வந்து, வாரம் ஒரு நாள் என்று பல மாதங்களுக்குத் தொடர்ந்து ஒன்றாக இருக்கவிட்டார்கள். பார்த்துக்கொண்டவர்கள் வெள்ளைக்கோட்டு மருத்துவர்கள் அல்லர். இரு சமூகத்து உள்ளூர் இளைஞர்கள். அவர்களுமே போரைக் கண்டு வளர்ந்தவர்கள். மண் பிசைவது, செடி நடுவது, பிராணிகளைக் கவனிப்பது, கதை கட்டுவது, பொம்மை செய்வது, பாட்டு, ஊர்வலம் – இவற்றோடு ஓவியமும் ஒன்று. இதைத்தான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: ஓவியம் ஒன்று, அவ்வளவே. வெளிநாட்டு இதழ்களில் பூங்காவைப் பற்றி வந்தவை பிள்ளைகளின் படங்களையே பெரிதாகக் காட்டியதால், ஏதோ தாளும் தூரிகையும் கொடுத்ததும் புண் ஆறிவிட்டது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிவிட்டது.

என் மதிப்பீட்டில் பூங்காவின் மிகப் பெரிய படைப்பு அந்த வண்டிப் பயணம். காத்தான்குடிப் பிள்ளையும் பக்கத்துத் தமிழூர்ப் பிள்ளையும் ஒரே வண்டியில், ஒரே பாட்டுப் பாடிக்கொண்டு, காவலரண்களைத் தாண்டி வருவதே ஒரு நாடகம். பெற்றோரும் சிப்பாய்களும் கடைக்காரர்களும் அதன் பார்வையாளர்கள். சுவருக்குள் நடந்த கலை பிள்ளைக்கு. சுவருக்கு வெளியே நடந்தது ஊருக்கு. இதை ‘சிகிச்சை’ என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல காலம் வலியுறுத்தி வந்த கருத்தும் இங்கே பொருந்தும்: நம் சமூகங்களில் போர் உடைத்தது தனி மனங்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான், எனவே தனியாளாகப் பிரித்து ஆற்றுவது பாதி வேலை.

அதே கருத்தைக் கொண்டே பூங்காவைக் குறையும் சொல்லலாம். வாரத்தில் ஒரு நாள் பூங்கா. மற்ற ஆறு நாள்? அதே ஊர், அதே சோதனைச் சாவடி, அதே இல்லாமை, அதே ஆட்சேர்ப்பு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பொறுத்தவரை மட்டக்களப்பில் அந்த ஆண்டுகளின் மிகப் பெரிய பயம் கடந்த காலம் அல்ல, நாளை. ‘வீட்டுக்கு ஒரு பிள்ளை’ என்று கேட்டு வந்தவர்கள் பூங்காவின் வாசலில் நிற்கவில்லை. வீட்டு வாசலில் நின்றார்கள். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபோது வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் பலர் மறுபடியும் சேர்க்கப்பட்டார்கள். போருக்குப் ‘பிந்திய’ மனவடு என்று மருத்துவ நூல் எழுதுகிறது; இங்கே பிந்தியது எது, முந்தியது எது? எரிந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் தீப்புண்ணுக்கு மருந்து போட்டது போலத்தான். போட்டது தவறென்று சொல்லவில்லை. போட்டவர்களும் அதை அறிந்தே போட்டார்கள்.

இனி, படங்களுக்கு வருவோம். பிள்ளை வரைந்த படத்தை என்ன செய்வது என்பதில் இத்துறையின் மூத்தோருக்குள்ளேயே இரண்டு கட்சி. மார்கரெட் நாம்பர்க் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குப் படம் என்பது ஆழ்மனம் எழுதிய கடிதம். மருத்துவர் அதைப் பிள்ளையோடு சேர்ந்து படித்துப் பொருள் காண வேண்டும். ஈடித் கிராமருக்கோ படம் கடிதமல்ல, சூளையில் வேகும் பானை; செய்கிற செயலே ஆற்றுகிறது, வெந்து முடியுமுன் திறந்து பார்க்காதே என்பது அவர் கட்சி. கிராமர் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. அவர் ஆசிரியை பிரீடல் டிக்கர் பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்து, புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளியில் படித்த ஓவியர், யூதர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரேசின் வதைமுகாமுக்கு அனுப்பியபோது, அனுமதித்த சிறு சுமையில் துணிமணிக்குப் பதிலாக ஓவியச் சாமான்களையே நிறைய எடுத்துப்போனார் என்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒளித்து ஒளித்து ஓவியம் கற்பித்தார். ‘உன் துயரத்தை வரை’ என்று அவர் கேட்கவில்லை. பூ, சன்னலுக்கு வெளியே தெரியும் மலை, வெட்டி ஒட்டிய காகிதம், பழைய மேதைகளின் படத்தில் உள்ள ஒளி இருள் – முறையான கலைப்பாடம். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்படுமுன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். படங்கள் இன்று பிராகா நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பிள்ளையின் பெயர் இருப்பது பிரீடல் வற்புறுத்தியதால். எண்ணாக மாற்றப்பட்ட பிள்ளைக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார் என்பதே அந்தப் பாடத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

மட்டக்களப்புப் பூங்காவின் வழியும் கிராமர் வழியே. போரை வரையச் சொல்லவில்லை. அரசன், பேய், பறவை, மீன் என்று கற்பனைக் கதைகளைப் பெருக விட்டார்கள். கிழக்கிலங்கையில் நெடுங்காலம் ஆய்ந்த மானிடவியலாளர் பட்ரிசியா லாரன்ஸ் பூங்காவைப் பற்றி 2003-இல் எழுதிய ஆய்வுக்கு ‘கதைக் கடல்’ என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். ஏன் இந்தச் சுற்று வழி? கலைக் காரணம் ஒன்று உண்டு: நேரே கேட்டால் பிள்ளை நமக்கு வேண்டியதை வரைந்து தரும். இன்னொன்று உயிர்க் காரணம். எந்த உடுப்புப் போட்டவன் அண்ணனை இழுத்துப் போனான் என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் வண்ணம் பிசகாமல் வரைந்துவிட்டால், அந்தத் தாள் யார் கையில் போய்ச் சேரும்? அந்தக் காலத்து மட்டக்களப்பில் படம் சாட்சி. சாட்சி சொன்னவர் இருப்பது கடினம். அரசனும் அரக்கனும் ஆன கதையை எந்தச் சிப்பாயும் எந்த இயக்கத்தவனும் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது.

நேரே கேட்டவர்களும் உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளின் அறுபது படங்களைத் தொகுத்து, எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முன்னுரையோடு 1938-இல் அமெரிக்காவில் புத்தகமாக்கினார்கள். நோக்கம் நிதி திரட்டல், அதுவும் நல்ல நோக்கமே. 2007-இல் சாட் நாட்டு அகதி முகாம்களில் தார்பூர்ப் பிள்ளைகள் வரைந்த நூற்றுக்கணக்கான படங்களை ஒரு பிரித்தானிய அமைப்பு திரட்டியது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவற்றைச் சூழல் விளக்கும் சான்றாக ஏற்றுக்கொண்டது. இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை உறைக்கும். எழுபது ஆண்டு இடைவெளி, வேறு கண்டம். ஆனாலும் மேலே விமானம், கீழே எரியும் வீடு, கோடு கோடாய் விழும் குண்டு. சாட்சியம் என்ற அளவில் அவற்றின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் சாட்சி சொல்வது வேறு, ஆறுவது வேறு. சாட்சிக்கு அழைத்தால் அப்படிச் சொல்லியே அழைக்க வேண்டும். ‘படம் வரைந்து விளையாடலாம் வா’ என்று கூப்பிட்டுச் சாட்சியத்தைக் கறந்துகொண்டு, அதைச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டி, விருந்தினர் கண்ணீர் விட, நன்கொடைப் பெட்டியை நீட்டுவது அந்தப் பிள்ளையை இரண்டாம் முறை கொள்ளையடிப்பது. நம் சங்க விழாக்களிலும் ‘போரும் அமைதியும்’ என்று தலைப்புக் கொடுத்து, முதல் பரிசை இரத்தம் அதிகம் கொட்டிய படத்துக்குக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் உண்மையில் பயன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வட இலங்கையில் 399 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2012-இல் மனநல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நாடகம், ஆட்டம், பாட்டு, படம் ஆகியவற்றோடு மனப்பயிற்சியும் கலந்த 15 அமர்வுகள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தும், மற்றவர்களைக் காத்திருக்க வைத்தும் ஒப்பிட்டார்கள். பலன் கலப்படம். நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண்பிள்ளைகள் சிலவற்றில் முன்னேறினார்கள். பெண்பிள்ளைகளிடமோ மனவடுவின் அறிகுறிகள், ஒன்றும் செய்யாமல் காத்திருந்த பெண்பிள்ளைகளைவிட மெதுவாகவே தணிந்தன. அந்தப் பிள்ளைகள் 9 முதல் 12 வயதுக்காரர்கள், இது பூங்காவின் முறையுமல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனால் ‘கலைதானே, கெடுதல் ஒன்றும் வராது’ என்ற நம் எளிய நம்பிக்கையை இது ஆட்டிவிடுகிறது. ஐந்து வாரத்தில் மூடியைத் திறந்துவிட்டு, மூடாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஆண்களைக் காட்டிலும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் பெண்பிள்ளைகளே அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான்.

பதின்பருவம் தனிச் சிக்கல். சிறுபிள்ளைக்குத் தாளைக் கொடுத்தால் வரையும். பதின்மூன்று வயதானவன் கையைக் கட்டிக்கொண்டு ‘எனக்கு வரைய வராது’ என்பான். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாக விளக்கினார்: அந்த வயதில் கண் வளர்ந்துவிடுகிறது, கை வளரவில்லை, தான் வரைந்தது நிஜம்போல இல்லை என்று வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். போரில் துப்பாக்கி தூக்கிய பையனுக்கு, தம்பி தங்கையரைத் தாயாக இருந்து வளர்த்த பெண்ணுக்கு, வண்ணக் கட்டியை நீட்டினால் ‘நான் என்ன சின்னப் பிள்ளையா?’ என்ற எரிச்சல்தான் வரும். அவர்களுக்கு வேண்டியது ஒன்று நிஜமான தொழில்நுட்பம், அல்லது முகத்தை மறைக்க ஒரு வேடம். முன்னதற்கு நம் ஊரிலேயே கதை உண்டு. 1862-இல் பதினான்கு வயதுப் பையனாகக் கிளிமானூரிலிருந்து இந்தக் கோட்டைக்கு வந்த ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் இரகசியத்தைச் சொல்லிக்கொடுக்க அரண்மனை ஓவியர், மதுரைக்காரரான இராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது வரலாறு. அந்த வயதுக்குப் பாராட்டு போதாது, வித்தை வேண்டும்.

பின்னதற்கு, அதாவது வேடத்துக்கு, ஈழத்து அரங்கமே சான்று. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985-இல் மேடையேறியது. போர்க்கால மனவடுவையே பொருளாகக் கொண்ட ‘அன்னை இட்ட தீ’ பின்னர் வந்தது. முன்னதை நெறிப்படுத்திய க. சிதம்பரநாதன் பிற்பாடு அரங்கை ஆற்றுப்படுத்தும் கருவியாகக் கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்த வழி 2001-இல் ‘பொங்கு தமிழ்’ என்ற பெருந்திரள் அரசியல் நிகழ்வாகத் திரும்பியது. துயரத்தைத் திறந்துவிட்டு அதைக் கொடியோடு கட்டியது சரியா என்பதில் அன்றே இரு கருத்து இருந்தது. என் மனம் சரியில்லை என்ற பக்கமே. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் சீலாமுனையில் கூத்தை ஊர்மக்களோடு சேர்ந்து மீளுருவாக்கியதும், ஓவியர் கமலா வாசுகி பெண்களோடும் பிள்ளைகளோடும் செய்த பணியும் சத்தமில்லாதவை. ஆனால் ஊரில் தங்கியவை.

இங்கே ஆற்றுகாலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து நடக்கிற தூரம். கும்பமாதப் பொங்கலையன்று நம் வீட்டுப் பெண்களும் செங்கல் அடுக்கி அடுப்புக் கூட்டுகிறார்கள். 2009-இல் 25 இலட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகம் எழுதியது. அந்த அம்மை மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி என்பதே இங்குள்ள நம்பிக்கை. திருவிழாவில் தோற்றம் பாட்டாக அவள் கதையைப் பாடுகிறார்கள். பாண்டியன் வதைப் பகுதி பாடி முடிந்த பிறகே அடுப்பில் தீ மூட்டப்படுகிறது. மட்டக்களப்பிலும் அதே கண்ணகி. வைகாசியில் சில நாள் மட்டும் கோயில் திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, இறுதியில் ‘குளிர்த்தி’ நடத்துகிறார்கள்: எரிந்தவளைக் குளிரச் செய்வது. தொண்ணூறுகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொல்பவர்களிடம் போய், வேறெங்கும் கேட்க முடியாத கேள்வியைக் கேட்டதையும் லாரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். இச்சடங்கு எவளிடமும் ‘உன் கதையைச் சொல்’ என்று கேட்பதில்லை. கண்ணகியின் கதையைப் பாடுகிறது. கேட்கிறவள் தன் கதையை அதற்குள் தானே வைத்துக்கொள்கிறாள். பூங்காவின் அரசன் அரக்கன் கதைகளும் இதே வேலையைத்தான் செய்தன. கனடாவிலிருந்து வந்த ஓவியருக்கு மட்டக்களப்பு மண் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும். ‘சிகிச்சை’ என்பதற்குப் பதில் ‘குளிர்த்தி’ என்ற சொல்லை எடுத்தாண்டால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது. பண்டிதர்கள் முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒரு படைப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கும் தா. சனாதனன், இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் போய், அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவற்றைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாகவும் தம் சித்திரமாகவும் மாற்றி 2011-இல் நூலாக்கினார். அதன் தலைப்பில் ‘தோம்பு’ என்ற சொல்லை வைத்தார். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுதான் தோம்பு. குண்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கிணறு எந்தப் பக்கம், சாமி அறை எது, மாமரம் எங்கே நின்றது என்பதே கேள்வி. வரைந்தவர்கள் வளர்ந்தவர்கள், ஓவியர் அல்லாதவர்கள். ‘எனக்கு வரைய வராது’ என்ற வெட்கம் அங்கே எழ வாய்ப்பில்லை. வீட்டுக்கு அளவு சொல்ல யாருக்குத்தான் வராது? பதின்பருவத்தினருக்கான நல்ல வழி இதற்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

கோழிவிளைக்குத் திரும்புவோம். 2021 கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 1984-இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அப்பிள்ளைகளின் படிப்புக்காகப் பல்லாண்டு உழைத்து வந்திருக்கிறது. பட்டதாரிகள் நிறைய வந்துவிட்டார்கள். இன்று அங்கே இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை போரை நேரில் பார்த்ததில்லை. இந்திய மண்ணில் பிறந்து, இந்தியக் குடியுரிமை இல்லாமல், தாத்தா சொல்லும் ஊரைக் கேட்டு வளர்ந்தது. அதனிடம் போய் ‘போரை வரை’ என்றால் தொலைக்காட்சியில் பார்த்ததை வரையும். புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழரின் பேரப்பிள்ளைகளும் ஏறக்குறைய இப்படியே. 1964 ஒப்பந்தம் அவர்கள் வீட்டில் பாட்டி சொல்லும் கதை. நம் சங்கத்தார் போவதாக இருந்தால் போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், தலைப்பும் வேண்டாம். ஒரு நாள் விழாவாகப் போகாமல், ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் மாதம் இருமுறையாவது போகக்கூடிய இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் தச்சுவேலையோ கட்டட வரைபடமோ உண்மையாகத் தெரிந்தவராக இருப்பது நல்லது. வரைந்த தாள் வரைந்தவரிடமே இருக்கட்டும். சங்க மண்டபத்தில் மாட்ட வேண்டுமானால் பிள்ளையைக் கேட்டு, அது வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் பிறந்து, 2021-க்குப் பிறகு அரசு கட்டத் தொடங்கிய புது வீடுகளுக்கு மாறிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளிடம் சனாதனனின் கேள்வியையே கேட்கலாம். உன் வீட்டின் தரைப்படத்தை வரை என்றால் பழைய அறையா, புது வீடா, தாத்தாவின் கிணற்றடியா, எதை முதலில் வரைவது என்று அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.